அன்ரிமார்க்கபிள் என்றால் என்ன, ஆசிரியர் அவர்களே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர் காந்தி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் 19 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், தமிழ் ஆங்கில டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், கொஞ்சம் நோட்டு, கொஞ்சம் பேனா. காலையில் ஷட்டரைத் தூக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, மெஷினைப் போட்டுவிட்டுத் தங்கள் நாளிதழைப் பிரிப்பேன். நடுத்தர நிலை ஆங்கிலச் சொற்கள் என்று தினமும் ஐந்து சொல்லும் அதற்குத் தமிழ் அர்த்தமும் ஒரு கட்டத்தில் போடுகிறீர்களே, அதைக் கத்தரித்துக் கடைக் கண்ணாடியில் செலோ டேப் போட்டு ஒட்டுவேன். வரிசையில் நிற்கிறவர்கள் படிப்பார்கள். பக்கத்து லாட்ஜில் ரூம் பாயாக இருக்கும் தம்பி தினமும் வந்து போனில் படம் பிடித்துக்கொண்டு போவான். ஆகவே இது தங்கள் பகுதியைத் திட்டுவதற்காக எழுதிய கடிதம் என்று நினைத்துவிட வேண்டாம். நான்கு வருடமாக அதை ஒட்டுகிற கைதான் இதையும் எழுதுகிறது.

போன ஆடியில் நடந்தது. குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கைலி நெய்கிறவர் என்று பேச்சில் தெரிந்தது. மனைவிக்கு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை மூன்று காப்பி எடுக்கச் சொன்னார். டாக்டரைப் பார்க்க மறுநாள்தான் டோக்கன். எடுத்துக் கொடுத்தேன், சில்லறையும் கொடுத்தேன், ஆள் நகரவில்லை. ரிப்போர்ட்டில் ஒரு வரியை விரலால் தடவுவதும், கண்ணாடியைப் பார்ப்பதுமாக நின்றார்.

“யக்கா, இந்த வார்த்தை இங்க கீற மாதிரியே இருக்குது, ஆனா முன்னாடி இன்னும் ரெண்டு எழுத்து இருக்குதே” என்றார்.

கண்ணாடியில் அன்றைக்கு ஒட்டியிருந்தது: ரிமார்க்கபிள் – மிகச்சிறந்த, வியக்கத்தக்க. ரிப்போர்ட்டில் இருந்தது: லிவர், ஸ்ப்ளீன், பேங்க்ரியாஸ், அன்ரிமார்க்கபிள். எனக்குத்தான் அவசரம். நாலு பேர் பின்னால் நிற்கிறார்கள். “முன்னாடி ‘அன்’ வந்தா எதிர்ப்பதம்ணா. ஈரல், மண்ணீரல், கணையம் மூணும் அவ்வளவு சிறப்பா இல்லைன்னு போட்டிருக்காங்க. டாக்டரைக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் ஆதார் கார்டை வாங்கிக் கண்ணாடித் தட்டில் கவிழ்த்தேன்.

“மூணுமா?” என்றார். “பித்தப்பையில கல்லுன்னுதானே வந்தோம்?”

கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெரிய மனிதர், சத்தமில்லாமல் அழுகிறார். எனக்குக் கை ஓடவில்லை. அந்த நேரத்தில் ரெக்கார்டு நோட்டை பைண்டிங் போட வந்த நர்சிங் படிக்கிற பெண் ஒன்று, என்ன ஏது என்று கேட்டு ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தது. “ஐயோ அண்ணா, இது நல்ல வார்த்தை. பார்த்தோம், சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை, நார்மலா இருக்குன்னு அர்த்தம். கல்லு மட்டும்தான் இருக்கு, கீழ எழுதியிருக்காங்க பாருங்க” என்றது.

அவர் எழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்ப நல்லா இருக்குதுன்னே எழுதித் தொலைக்கிறதுக்கு இன்னா?” என்றார். வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் வாங்கிக்கொண்டார்.

தப்பு என்னுடையதுதான். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன். ஆனால் ராத்திரி சத்துவாச்சாரிக்கு பஸ்ஸில் போகும்போது யோசித்துப் பார்த்தேன். தங்கள் கட்டத்திலும் பாதி தப்பு இருக்கிறது. ரிமார்க் என்றால் ஒன்றைப் பார்த்துக் கருத்துச் சொல்வது. பள்ளிக்கூட பிராக்ரஸ் கார்டில் கடைசிக் கட்டத்தில் ரிமார்க்ஸ் என்று இருக்குமே, அதே சொல். ரிமார்க்கபிள் என்றால் எடுத்துச் சொல்லும்படியான. எடுத்துச் சொல்லும்படி இருப்பது பெரும்பாலும் சிறந்ததாக இருக்கும் என்பதால் ‘மிகச்சிறந்த’ என்று போட்டுவிட்டீர்கள். வேரிலிருந்து சொல்லியிருந்தால், அன்ரிமார்க்கபிள் என்பது ‘எடுத்துச் சொல்ல ஒன்றுமில்லாத’ என்று எனக்கே தெரிந்திருக்கும். ஸ்கேன் எடுத்தவர் ஈரலைப் பார்த்தார், சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவுதான். பரிசு வாங்க ஈரல் என்ன பாட்டுப் போட்டிக்கா போயிருக்கிறது?

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் 1989-ல் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்தவள். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்பினார்கள். ஆங்கிலம் லோயர், அப்புறம் ஹையர். ஹையர் என்றால் நிமிடத்துக்கு 45 வார்த்தை. ரெமிங்டன் மெஷினில் சடசடவென்று அடிப்பேன். அந்த 45-ல் எனக்கு அர்த்தம் தெரிந்தது பத்து இருந்தால் அதிகம். ஸ்பெல்லிங் மட்டும் பிசகாது. இப்படி விரலுக்குத் தெரிந்து மண்டைக்குத் தெரியாத வார்த்தைகள் எனக்கு ஆயிரக்கணக்கில் இருந்தன. கடை வைத்த பிறகு, ஒவ்வொரு ஆளாக வந்து நின்று ஒவ்வொரு வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன். இங்கிலீஷ் டீச்சர் என்று நினைத்து பதில் போட வேண்டாம்.

முதலில், நடுத்தர நிலை என்று தலைப்பில் போட்டுவிட்டு எந்தச் சொல்லைக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். இரண்டு வாரம் முன்பு ‘பல்க்ரிட்யூட் – அழகு’ என்று வந்தது. நான்கு வருடத்தில் என் மெஷின் வழியாக லட்சம் காகிதம் போயிருக்கும். ஆஸ்பத்திரிக் காகிதம், பேங்க் காகிதம், கோர்ட் காகிதம், காலேஜ் காகிதம். ஒன்றில்கூட அந்த அழகைப் பார்த்ததில்லை. ஆனால் ‘அன்லெஸ்’, ‘அதர்வைஸ்’, ‘ரெஸ்பெக்டிவ்லி’, ‘ப்ரீவியஸ்’, ‘சப்ஸிக்வெண்ட்’ இவை இல்லாத காகிதத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ‘அன்லெஸ்’ புரியாமல் கையெழுத்துப் போட்டு அட்வான்ஸ் பணத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

என் மகள் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். இதைச் சொல்லிப் புலம்பியபோது அவள் ஒரு விஷயம் சொன்னாள். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1953-ல் ஒரு பட்டியல் வெளியிட்டாராம். ஆங்கிலத்தில் அதிகமாகப் புழங்குகிற சுமார் 2,000 சொற்கள். சாதாரணமான ஒரு பக்கத்தை எடுத்தால் பத்துக்கு எட்டு வார்த்தை அந்தப் பட்டியலில் இருந்துவிடும். அந்த மனிதர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தவர் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்காவிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தினமும் என் கடையில் பாஸ்போர்ட் காப்பி எடுக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. அந்த 2,000 சொல்லை வைத்துக்கொண்டுதான் இரண்டு பேரும் பிழைக்கிறோம்.

அடிப்படை அது. அதற்கு அடுத்த படிதான் தாங்கள் சொல்லுகிற நடுத்தரம். அதற்கும் பட்டியல் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் ஆவரில் கோக்ஸ்ஹெட் என்ற பெண்மணி, வெஸ்ட்டின் சொற்களைக் கழித்துவிட்டு, கல்லூரிப் பாடங்களில் எல்லாத் துறையிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். சொற்குடும்பம் என்றால் ஒரு வேரும் அதன் பிள்ளைகளும். அனலைஸ், அனாலிசிஸ், அனலிடிகல் எல்லாம் ஒரே வீடு. அஸ்யூம், சிக்னிஃபிகண்ட், கான்ஸ்டிட்யூட் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு நாளைக்கு இரண்டு குடும்பம் போட்டாலும் 285 நாளில் முடிந்துவிடும். ஒரு வருடம்கூட ஆகாது. பல்க்ரிட்யூட்டுக்கு மிச்ச நாளில் இடம் கொடுக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அடுத்தது, ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம் போடுவது. கண்ணாடியில் இருந்து எனக்கு வந்த வில்லங்கங்களில் முக்கால்வாசி இதனால்தான்.

கான்ஸ்டிட்யூஷன் – அரசியலமைப்புச் சட்டம் என்று போட்டீர்கள். சரிதான். அன்றைக்கே பேரணாம்பட்டுக்காரர் ஒருவர் ஜிஎஸ்டி சான்றிதழைக் காப்பி எடுக்க வந்தார். அதில் ‘கான்ஸ்டிட்யூஷன் ஆஃப் பிசினஸ்’ என்று ஒரு வரி உண்டு. “நம்ம வியாபாரத்துக்கு எதுக்குக்கா அரசியல் சட்டம்?” என்று கேட்டார். எப்படி அமைந்த தொழில், தனியாளா கூட்டா கம்பெனியா என்று கேட்கிறார்கள். கான்ஸ்டிட்யூட் என்றால் சேர்ந்து ஒன்றாக அமைவது. நாடு எப்படி அமைந்திருக்கிறது என்று சொன்னால் அரசியலமைப்பு, தொழில் எப்படி அமைந்திருக்கிறது என்றால் இது. உடம்பு வாகுக்கும் இதே சொல்தான். அவருக்கே பேங்கில் கரண்ட் அக்கவுண்ட் விண்ணப்பம் நிரப்பும்போது இன்னொன்று வந்தது. ‘சோல் ப்ரொப்ரைட்டர்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அவர் ஆச்சரியப்பட்டுப்போனார். “நான் சோல் வியாபாரம்தான் பண்றேன்னு பேங்குக்கு எப்படித் தெரிஞ்சுது?” ஷூவுக்கு அடியில் ஒட்டுகிற சோலை மொத்தமாக வாங்கி விற்கிறவர் அவர். இந்த சோல் ‘ஒரே’, அந்த சோல் ‘அடி’. இரண்டும் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

தோல் தொழில் இருக்கும் ஜில்லா இது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் 2019-ல் வேறு மாவட்டமாகப் பிரிந்துவிட்டாலும் எங்களுக்கு இன்னும் வட ஆற்காடுதான். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களைக் கேளுங்கள், ‘லாஸ்ட்’ என்றால் என்ன என்று. காலின் வடிவத்தில் இருக்கும் அச்சு என்பார்கள். அதன்மேல் ஷூவின் மேல்பகுதியான அப்பரை இழுத்துப் பிடித்து ஒட்டுவதற்கு லாஸ்டிங் என்று பெயர். ஆறாம் கிளாஸ் பையனைக் கேட்டால் ‘கடைசி’ என்பான். ஷூ வாங்குகிறவர் ‘லாங் லாஸ்டிங்’ என்று டப்பாவில் படித்தால் அது ‘நீடித்து உழைக்கும்’. மூன்றும் ஒரே ஊரில் புழங்குகிறது. தங்கள் கட்டத்தில் ஒன்றுதான் வரும், அதுவும் பள்ளிக்கூடத்து அர்த்தம். அந்தப் பெண்கள் நாக்கு என்கிற டங், தானியம் என்கிற கிரெய்ன், ஒளித்துவை என்கிற ஹைட் எல்லாவற்றையும் வேறு அர்த்தத்தில் தினமும் கையில் தொடுகிறார்கள். ஷூவின் நாக்கு, தோலின் மேல்பரப்பு, மாட்டுத்தோல். ஆட்டுத்தோல் என்றால் ஸ்கின், மாட்டுத்தோல் என்றால் ஹைட். தங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

என் தம்பியும் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் இருந்தான். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய அளவுப் பட்டியலில் ஒரு இடம் புரியவில்லை. என் கடையில் உட்கார்ந்து அவன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: உங்கள் அளவுப் பட்டியலைப் பற்றி எங்களுக்கு ஒரு டவுட் இருக்கிறது. மறுநாள் பதில் வந்தது. இத்தனை வருடமாக இதே பட்டியலைத்தான் பயன்படுத்துகிறோம், எதற்காக நம்பிக்கைக் குறைவு என்று. தம்பி மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். நமக்கு டவுட் என்றால் கேள்வி. வாத்தியார் பாடம் முடிந்ததும் “எனி டவுட்ஸ்?” என்றுதானே கேட்பார்? அவர்களுக்கு டவுட் என்றால் நம்பவில்லை என்று அர்த்தம். ‘கொஸ்டின்’ என்று போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். தங்கள் கட்டத்தில் ‘டவுட் – சந்தேகம்’ என்று ஒரு நாள் வந்தது. சந்தேகம் என்ற தமிழ்ச் சொல்லே இரண்டு வேலையும் செய்கிறது, அங்கேதான் கால் இடறுகிறது. இதை ஒரு வரியில் எச்சரிக்கலாமே.

சாங்ஷன் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். லோன் சாங்ஷன் ஆனால் இனிப்பு, தங்கள் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் அதே சொல் பொருளாதாரத் தடை. ஓவர்சைட்டும் அப்படித்தான், மேற்பார்வை என்றும் வரும், கவனக்குறைவு என்றும் வரும். ஆஸ்பத்திரிச் சொல் இரண்டை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அக்யூட், க்ரானிக். அக்யூட் – கடுமையான, க்ரானிக் – தீராத என்று ஒருநாள் போட்டிருந்தீர்கள். வைத்தியத்தில் அக்யூட் என்றால் திடீரென்று வந்தது, க்ரானிக் என்றால் நாள்பட்டது. காலம் பற்றிய சொற்கள். க்ரானிக் என்று எழுதியிருந்தால் தீராது என்று முடிவு கட்டி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், ஆசிரியரே. சர்க்கரையும் பிரஷரும் க்ரானிக்தான். மாத்திரை போட்டுக்கொண்டு நடமாடிக்கொண்டிருக்கும் அரை ஊரை காந்தி ரோட்டிலேயே பார்க்கலாம்.

முன்னொட்டைப் பற்றியும் ஒன்று. ‘அன், இன், டிஸ் வந்தால் எதிர்ப்பதம்’ என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டிச் செய்தி போட்டீர்கள். நல்ல வேலை. ஆனால் பெங்களூர் ஹைவேயில் போகும் பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். லாட்ஜ் தம்பி அதைப் பார்த்துவிட்டு வந்து, “அப்ப அது தீப்பிடிக்காதுங்களாக்கா?” என்று கேட்டான். இந்த ‘இன்’ எதிர்மறை இல்லை. இன்ஃப்ளேம் என்றாலே கொளுத்துவது. ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டும் தீப்பிடிக்கும் என்றுதான் அர்த்தம். விதியைச் சொல்லும்போதே விதிக்கு அடங்காத ஒன்றையும் சொன்னால், டேங்கர் பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்க மாட்டார்கள்.

சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு வாக்கியம் போடுங்கள். என் முக்கியமான வேண்டுகோள் இதுதான். எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரரை 1981-ல் கோட்டைக் கோயிலுக்குள் கொண்டுவந்து வைத்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நசுங்கினேன். அதுவரை அந்தக் கோயிலில் தூண் இருந்தது, யாளி இருந்தது, கும்பிட ஒன்றும் இல்லை. தங்கள் கட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது.

வாக்கியம் எதற்கு என்றால், எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்று அதில்தான் தெரியும். தமிழிலேயே பாருங்கள். மழை பெய்யும், பனி கொட்டும், வெயில் அடிக்கும், காற்று வீசும். மாற்றிச் சொன்னால் புரியும், ஆனால் சிரிப்பார்கள். லாட்ஜில் இருக்கும் வங்காளத்து சமையல்காரர் நன்றாகத் தமிழ் பேசுவார். ஒருநாள் கடைக்குள் ஓடி வந்து, “அக்கா, மழை விழுது, வெயிலும் போடுது” என்றார். நாங்கள் சிரித்த மாதிரிதான் நம் ஆங்கிலத்தைக் கேட்டு வேறு யாரோ எங்கோ சிரிப்பார்கள். மிஸ்டேக் என்றால் தவறு என்று ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும். அதை ‘டூ’ பண்ணுவதா, ‘மேக்’ பண்ணுவதா என்பது பட்டதாரிக்கும் தடுமாறுகிறது. ‘மேக்’ என்று ஒரு வாக்கியம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் தன்னால் படிந்துவிடும்.

ஊரில் உள்ளதையே வாக்கியமாகப் போடலாம். மக்கான் சந்திப்பில் 1806-ஆம் ஆண்டின் நினைவுத்தூண் நிற்கிறது. ஆங்கிலப் புத்தகத்தில் அது மியூட்டினி. ராணுவத்தில் இருப்பவர்கள் மேலதிகாரிக்கு எதிராகக் கிளம்பினால்தான் அந்தச் சொல். ஊரார் கிளம்பினால் ரிவோல்ட் என்பார்கள், ரெபெல்லியன் என்பார்கள். தமிழில் நாம் சிப்பாய்ப் புரட்சி என்கிறோம். புதிய தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றியில் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது என்ற உத்தரவுகளைப் பொறுக்காமல் ஜூலை 10 விடியுமுன் எழுந்தார்கள். எழுந்தவனுக்குப் புரட்சி, உத்தரவு போட்டவனுக்கு மியூட்டினி. இந்த மூன்று சொல்லையும் தனித்தனி நாளில் ‘கலகம், கலகம், கலகம்’ என்று போட்டால் ஒன்றும் நிற்காது. மூன்றையும் ஒரே நாளில் அந்தத் தூணுக்குக் கீழே நிறுத்திக் காட்டினால் எங்கள் பிள்ளைகள் மறப்பார்களா?

மறதியைப் பற்றிச் சொன்னதால் என் செருப்புப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தம்பி கொண்டுவந்து கொடுத்த ஷூ டப்பா. அதற்குள் அட்டை வைத்து ஐந்து அறையாகத் தடுத்திருக்கிறேன். வீணாய்ப்போன ஏ4 தாளை எட்டாக வெட்டி, எழுதாத பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதி, நடுவில் சொல் வரும் இடத்தைக் கோடு போட்டு விடுவேன். அச்சான பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் விடை. முதல் அறையில் இருப்பதை தினமும் எடுத்துப் பார்ப்பேன். சரியாகச் சொன்னால் இரண்டாம் அறைக்குப் போகும், அதை மூன்று நாளுக்கு ஒரு தரம். அடுத்தது வாரம், அடுத்தது இரண்டு வாரம், கடைசி அறை மாதம் ஒரு தரம். எந்த அறையில் இருந்தாலும் தப்பாகச் சொன்னால் திரும்ப முதல் அறைக்கு வரவேண்டும், பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய முறை, மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். செருப்புப் பெட்டி மட்டும் எங்கள் ஊர்ச் சேர்மானம். கூட்டமில்லாத மத்தியானத்தில் பத்து நிமிடம் போதும். இதுவரை 640 சீட்டு கடைசி அறைக்கு வந்திருக்கிறது. ‘ரிலக்டண்ட்’ மட்டும் ஏழு தடவை பாம்பு கடித்து இறங்கியது. அர்த்தம் ‘தயக்கத்தோடு, மனமில்லாமல்’. அன்றைக்கு அந்தக் குடியாத்தத்து அண்ணன் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டாரே, அதை ஒரு வாக்கியமாக எழுதிச் சீட்டில் போட்டேன். அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

தாங்கள் ஒரு தடவை போட்ட சொல்லைத் திரும்பப் போடுவதே இல்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். வாசகர்கள் ‘இது பழையது’ என்று கடிதம் எழுதுவார்கள் என்ற பயமாக இருக்கலாம். எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமையாவது, போன வாரத்திலிருந்து மூன்று, போன மாதத்திலிருந்து இரண்டு, அர்த்தம் போடாமல் வாக்கியத்தில் இடம் விட்டுப் போடுங்கள். விடையைத் திங்கட்கிழமை போடலாம். சிறுவர் பக்கத்தில் ஆறு வித்தியாசம் போடுகிற இடம்தான் ஆகும்.

ஊரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், நியாயம்தான். என் கடை போர்டிலேயே ‘ஸ்டேஷனரி’ தப்பு. பேப்பர், பேனா விற்கிற ஸ்டேஷனரிக்குக் கடைசியில் ‘ஆர்’ எழுத்துக்கு முன்னால் ‘ஈ’ எழுத்து வரவேண்டும். பெயிண்டர் ‘ஏ’ போட்டுவிட்டார். ‘ஏ’ போட்டால் நகராமல் நிற்கிறது என்று அர்த்தம். 11 வருடம் யார் கண்ணிலும் படவில்லை, 45 வார்த்தை வேகத்தில் அடித்த என் கண்ணிலும் சேர்த்து. ரிடையர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் வந்து சொன்னார். மாற்ற எவ்வளவு என்று பெயிண்டரைக் கேட்டால், ஒரு எழுத்துக்கு வர முடியாது, முழு போர்டும் எழுதினால் வருகிறேன் என்றார். விட்டுவிட்டேன். அந்தச் சந்தில் 19 வருடமாக நகராமல்தானே நிற்கிறது.

ஐந்து சொல்லை இரண்டாகக் குறைத்தால் வாசகர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார்களோ என்று தங்கள் அலுவலகத்தில் யோசிக்கலாம். இரண்டு சொல், ஒவ்வொன்றுக்கும் வேர், இரண்டாவது அர்த்தம் இருந்தால் அது, நம் ஊர் வாக்கியம் ஒன்று. இடம் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும். கண்ணாடியின் இடது பக்கத்தில் பான் கார்டு விளம்பரம் ஒன்று ஒட்டியிருந்தேன், நேற்று சுரண்டி எடுத்துவிட்டேன். ஒரு அடிக்கு முக்கால் அடி காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை வாசகி,
வேலூர்.